மீன் தொட்டியைப் பார்க்காதீங்க, ஆய்வு ரிப்போர்ட்டைக் கேளுங்க: முதியோர் பராமரிப்பு இல்லத்தை எடைபோடுவது எப்படி?

தோழி ஒருத்தியின் அம்மாவுக்குப் பக்கவாதம். மருத்துவமனையில் 12 நாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை டாக்டர் வந்து, "இனி இங்க வெச்சுப் பார்க்க ஒண்ணும் இல்லம்மா, திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்" என்றார். மூக்கில் உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய், இடது பக்கம் அசைவே இல்லை. வீடு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. தோழிக்கு பெங்களூரில் வேலை, அண்ணன் துபாயில். ஆக, கையில் இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. அதற்குள் அம்மாவை ஒப்படைக்க ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

சென்னையில் மூன்று இடங்களுக்குப் போனாள். மூன்றிலும் ரிசப்ஷன் பளபளவென்று இருந்தது. ஏசி, மீன் தொட்டி, பிள்ளையார் சிலை, சிரித்த முகங்கள். மூன்றிலும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "கடைசியா அரசு அதிகாரிங்க எப்போ வந்து ஆய்வு பண்ணாங்க? அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கலாமா?"

முதல் இடத்தில் மேனேஜர் சிரித்துவிட்டு வாடகை விவரத்துக்குப் போய்விட்டார். இரண்டாவது இடத்தில் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த ஐ.எஸ்.ஓ. சான்றிதழைக் காட்டினார்கள். மூன்றாவது இடத்தில், "மேடம், எங்க கூகுள் ரிவ்யூ பாருங்க, 4.8" என்றார்கள்.

அவள் மூன்றாவது இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். அது நல்ல இடமா, மோசமான இடமா என்பதற்குள் நான் போகவில்லை. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. என் பிரச்சினை அதுதான்.

யோசிச்சுப் பாருங்க. ஹோட்டலில் சாப்பிட்டால் பில்லில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். ஃபிளாட் வாங்கப் போனால் ரெரா பதிவு எண்ணைப் போட்டு அந்தத் திட்டத்தின் ஜாதகத்தையே ஆன்லைனில் பார்க்கலாம். ஆனால் தானாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியாத அம்மாவை ஓர் இடத்தில் விட்டுவிட்டு வரும்போது, அந்த இடத்தைப் பற்றி நம் கையில் இருப்பது கூகுள் ஸ்டாரும் மீன் தொட்டியும்தான். அந்த கூகுள் ஸ்டாரையும், அங்கே படுத்திருப்பவர்கள் போடுவதில்லை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

நம் ஊரில் "நர்சிங் ஹோம்" என்று போர்டு இருந்தால் அது பெரும்பாலும் பிரசவம், சின்ன அறுவை சிகிச்சை பார்க்கும் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவிலோ, நீண்ட காலம் நர்ஸ் கவனிப்பு தேவைப்படுகிறவர்கள் தங்கும் இல்லத்துக்குத்தான் அந்தப் பெயர். பெரும்பாலும் வயதானவர்கள். அப்படிப்பட்ட இல்லங்கள் இங்கேயும் பெருகிவிட்டன. முதியோர் இல்லம், சீனியர் லிவிங், அசிஸ்டட் லிவிங், ஜீரியாட்ரிக் கேர் என்று விதவிதமான பெயர்கள்.

இந்தப் பெயர்க் குழப்பம் சட்டத்திலும் இருக்கிறது. முதியோர் இல்லம் என்றால் சமூக நலத்துறை. மருத்துவச் சிகிச்சை தருகிறது என்றால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது சுகாதாரத் துறை. அந்தச் சட்டத்துக்கான விதிகளே 2018-ல்தான் வந்தன. ஓய்வுக்கால ஃபிளாட் என்றால் ரெரா. சரி, உணவுக் குழாயோடு படுக்கையில் இருக்கும் ஒருவரை மாதக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் இடம் எதில் வரும்? ஒரு துறை "இது மருத்துவமனை மாதிரி இருக்கே" என்று நினைக்கலாம். இன்னொன்று "இது முதியோர் இல்லம்தானே" என்று நினைக்கலாம். நடுவில் படுத்திருப்பது நம் அம்மா.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்கா இதில் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே நடக்கும் கொடுமைகளும் நிறைய. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அங்கே அழுக்குத் துணியை வெளியில்தான் காயப்போடுகிறார்கள்.

1987-ல் அங்கே ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசுத் திட்டங்களின் பணத்தை வாங்கும் எந்த நர்சிங் ஹோமும் குறைந்தபட்சத் தரங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். ஓர் ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் இடையே 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது, மாநிலச் சராசரி 12 மாதம் இருக்க வேண்டும். அதிகாரிகள் முன்னறிவிப்பில்லாமல் வருவார்கள். "நாளைக்கு வர்றாங்க" என்று முன்கூட்டியே தகவல் கசியவிடுவதற்கே அந்தச் சட்டத்தில் அபராதம் உண்டு. இதுபோக, யாராவது புகார் கொடுத்தால் தனியாக ஓர் ஆய்வு.

அங்கே ஏறத்தாழ 15,000 நர்சிங் ஹோம்கள். அத்தனைக்கும் ஆய்வு முடிவுகள் 'கேர் கம்பேர்' என்ற அரசு இணையதளத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயரைத் தட்டினால் பட்டியல் வரும். 2008 டிசம்பரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஸ்டாரும் தருகிறார்கள். துன்புறுத்தல் தொடர்பான குற்றச்சாட்டு உறுதியான இல்லங்களின் பெயருக்குப் பக்கத்தில், 2019 அக்டோபரிலிருந்து, சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கை அடையாளம் இருக்கும்.

ரிப்போர்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எழுத்துமுறை. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஏ முதல் எல் வரை 12 எழுத்துகளில் ஒன்றைத் தருவார்கள். இரண்டு கேள்விகளை வைத்து அதை முடிவுசெய்கிறார்கள்: எவ்வளவு ஆபத்தானது? எத்தனை பேருக்கு நடக்கிறது? ஆபத்துக்கு நான்கு படிகள். பரவலுக்கு மூன்று: ஒருவர் இருவருக்கா, சிலருக்கா, இல்லம் முழுக்கவா. ஜி, ஹெச், ஐ என்று இருந்தால் யாரோ ஒருவருக்கு நிஜமாகவே தீங்கு நடந்துவிட்டது. ஜே, கே, எல் என்றால் உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து.

இதனால் என்ன லாபம்? 'இந்த இல்லத்தில் 9 குறைகள்' என்று படித்தால் பயமாக இருக்கும். ஆனால் ஒன்பதும் சாப்பாடு ஆறிப்போயிருந்தது, பதிவேட்டில் கையெழுத்து இல்லை என்ற ரகமாக இருக்கலாம். பக்கத்துத் தெரு இல்லத்தில் இரண்டே குறைகள். ஆனால் அதில் ஒன்று ஜி: திருப்பிப் போடாமல் விட்டதால் ஒரு பாட்டிக்குப் படுக்கைப் புண் ஆழமாகிவிட்டது. உங்கள் அம்மாவை எங்கே விடுவீர்கள்? எண்ணிக்கையை விட எழுத்து முக்கியம். எழுத்தை விட, அதே குறை அடுத்த ஆய்விலும் வந்ததா என்பது முக்கியம். ஒரு தடவை நடந்தது தவறு. திரும்பத் திரும்ப நடந்தால் அது அந்த இல்லத்தின் குணம்.

ஸ்டாரை மட்டும் நம்பினால்?

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்டாரே முடிவு அல்ல.

முதல் காரணம்: ஆய்வுக்கான ஸ்டார், மாநிலத்துக்குள் ஒப்பிட்டுத் தரப்படுவது. ஒரு மாநிலத்தில் முதல் 10 சதவீத இல்லங்களுக்கு 5 ஸ்டார், கடைசி 20 சதவீதத்துக்கு 1 ஸ்டார், நடுவில் இருப்பவற்றுக்கு மீதி. மொத்த வகுப்பும் மோசமாக எழுதினாலும் முதல் ரேங்க் ஒருவருக்குக் கிடைக்கும் இல்லையா, அந்த மாதிரி.

இரண்டாவது காரணம்: மொத்த ஸ்டாரில் மூன்று பகுதிகள். அதிகாரிகள் செய்யும் ஆய்வு, பணியாளர் எண்ணிக்கை, பராமரிப்புத் தரக் குறியீடுகள். இந்த மூன்றாவது பகுதியில் கணிசமான தகவல்கள் இல்லங்களே கொடுப்பவை. தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போலத்தான். 2021-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைத் தோண்டி எடுத்து எழுதியது: மோசமான சம்பவங்கள் நடந்த இல்லங்கள்கூட 5 ஸ்டாரோடு உட்கார்ந்திருந்தன.

பணியாளர் பகுதியிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். ஆய்வு நேரத்தில் ஆட்களைக் கூட்டிக் காட்டலாம். அதனால் 2016-லிருந்து சம்பளப் பதிவேட்டின் அடிப்படையில் கணக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். சம்பளம் போட்டிருந்தால்தான் ஆள் இருந்ததாக அர்த்தம். இப்போது சனி, ஞாயிறில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், ஒரு வருடத்தில் எத்தனை நர்ஸ்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதையும் வெளியிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பற்றி ஒரே ஒரு தகவல்தான் கிடைக்கும் என்றால் நான் கேட்பது இதைத்தான்: ஆட்கள் நிலைத்து இருக்கிறார்களா? பேச முடியாத ஒரு நோயாளி முகத்தைச் சுளித்தால் அது வலியா, பசியா, துணி ஈரமா என்பது ஆறு மாதம் அவரைப் பார்த்த அட்டெண்டருக்குத் தெரியும். நேற்று வந்தவருக்குத் தெரியாது.

சரி, நம் ஊரில்?

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டின்படி 2021-ல் இது 13.6, 2031-ல் 18.2. கேரளாவுக்கு அடுத்தபடியாக வேகமாக முதுமையடையும் பெரிய மாநிலம் நம்முடையது. இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போது 28 வயது என்றால், உங்கள் அப்பா அம்மா அந்த 2031 கணக்கில் வருவார்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. பெற்றோரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அரசு அமைக்கலாம் என்கிறது. பிள்ளைகளின் கடமையைத் தெளிவாகப் பேசும் இந்தச் சட்டம், பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் தனியார் இல்லத்தின் கடமையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. இந்த ஓட்டையை அடைக்க, பராமரிப்பு இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் கட்டாயம் என்று ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. 2024-ல் அந்த மக்களவை முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது.

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆட்சியர்கள் அவ்வப்போது செய்திக்குறிப்பு வெளியிடுகிறார்கள். பதிவு இருக்கட்டும், நல்லது. ஆனால் பதிவு என்பது கதவில் ஒட்டும் எண். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வது ஆய்வு. அந்த ஆய்வில் என்ன கண்டார்கள் என்பதை ஒரு சாதாரணக் குடும்பம் போனில் தட்டிப் பார்க்க முடியாத வரை, அந்த ஆய்வு நடந்தும் நமக்கு நடக்காத மாதிரிதான்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. வயதானவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எல்லா இல்லங்களின் ஆய்வு அறிக்கையையும், நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு, தமிழில், ஒரே இணையதளத்தில் வெளியிடுங்கள். எந்தத் துறை ஆய்வு செய்திருந்தாலும் சரி. ஸ்டார் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ரிப்போர்ட்.

"இதெல்லாம் இங்கே நடக்குமா?"

மூன்று எதிர்ப்புகள் வரும். மூன்றிலும் நியாயம் இருக்கிறது.

ஒன்று: "நன்கொடையில் ஓடும் சின்ன இல்லங்கள் பயந்து மூடிவிடும். அந்த ஆதரவற்றவர்கள் எங்கே போவார்கள்?" இதற்காகத்தான் எழுத்துமுறையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். சுவரில் பெயின்ட் உதிர்ந்திருப்பதும், ஆளைக் கட்டிலில் கட்டிப்போடுவதும் ஒரே குறை அல்ல. அதைப் பிரித்துச் சொல்லும் அறிக்கை, ஏழை இல்லத்தையும் கொடுமையான இல்லத்தையும் பிரித்துக் காட்டும். பார்க்கப்போனால், நேர்மையாக நடக்கும் சின்ன இல்லத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

இரண்டு: "அதிகாரிகளே போதாது." உண்மைதான். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் வரதட்சணைத் தடுப்பு அலுவலரும். குடும்ப வன்முறைப் புகார்கள், திருமண உதவித் திட்டங்கள் என்று மேசை நிறைய வேலை. அவரிடமே இதையும் தள்ளினால் 'ஆய்வு செய்யப்பட்டது, திருப்தி' என்று ஒரு வரிதான் வரும். ஆகவே நர்ஸிங் தெரிந்த ஒருவரும் ஆய்வில் இருக்க வேண்டும். புண்ணைப் பார்த்து அது எத்தனை நாள் புண் என்று சொல்லத் தெரிய வேண்டுமே. சுகாதாரத் துறையும் சமூக நலத்துறையும் சேர்ந்து போனால் மேலே சொன்ன சட்டக் குழப்பத்துக்கும் ஒரு வழி பிறக்கும்.

மூன்று: "காசு கொடுத்து ரிப்போர்ட்டை மாத்திடுவாங்க." மாற்றலாம். ஆனால் ஃபைலுக்குள் தூங்கும் ரிப்போர்ட்டை மாற்றுவது சுலபம். இணையதளத்தில் இருக்கும் ரிப்போர்ட்டை, அதே இல்லத்தில் அப்பாவை வைத்திருக்கும் 40 குடும்பங்கள் படிக்கும். 'இரவில் இரண்டு நர்ஸ்கள் பணியில் உள்ளனர்' என்று எழுதியிருந்தால், "எங்க அப்பா ரூம்ல ராத்திரி ஒருத்தரும் வர்றதில்லையே" என்று கேட்க ஆள் இருக்கும்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்?

முதல் ஆயுதம் ஆர்.டி.ஐ. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் பிரிவு 2(எஃப்), ஒரு தனியார் அமைப்பைப் பற்றி அரசு அலுவலகம் வேறொரு சட்டத்தின்கீழ் பெறக்கூடிய தகவலையும் 'தகவல்' என்றே சொல்கிறது. அதனால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். இந்த இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா, கடைசி ஆய்வு எந்தத் தேதியில், அறிக்கை நகல், சொன்ன குறைகள் சரிசெய்யப்பட்டனவா: இந்த நான்கையும் கேளுங்கள். மருத்துவ வசதி இருப்பதாகச் சொல்லும் இல்லமென்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் ஒரு மனு. பதில் வர 30 நாள் ஆகும். டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இது உதவாது. அதனால்தான் அப்பா அம்மா நடமாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஆனால் டேர்ம் இன்ஷூரன்ஸும் அப்படித்தானே எடுக்கிறோம்?

நேரில் போகும்போது பார்க்க வேண்டியவை:

• ஞாயிறு மாலை 7 மணிக்குப் போங்கள். திங்கள் காலை 11 மணிக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். முதல் தடவை சொல்லிவிட்டும், இரண்டாவது தடவை சொல்லாமலும் போங்கள். சொல்லாமல் போனால் உள்ளே விட மறுக்கிறார்களா? அதுவே ஒரு ரிப்போர்ட்தான்.

• படுக்கையில் இருப்பவர்களின் கை நகம், உதடு, குதிகால் மூன்றையும் கவனியுங்கள். வெட்டாத நகம், வறண்ட உதடு, சிவந்த குதிகால் என்றால் கவனிப்பு குறைவு. திருப்பிப் போடும் நேர அட்டவணை கட்டில் அருகே இருக்கிறதா, அதில் இன்றைய கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

• அழைப்பு மணியை நீங்களே அழுத்துங்கள். ஆள் வர எத்தனை நிமிடம்? மணியே படுக்கையிலிருந்து எட்டாத தூரத்தில் இருந்தால் அது அலங்காரத்துக்கு.

• பகல் வெளிச்சத்திலும் எல்லாரும் தூங்கிக்கொண்டே இருந்தால் கேளுங்கள்: யார் எழுதிக் கொடுத்த மாத்திரை, எதற்கு? தூக்க மாத்திரை சில இடங்களில் ஆள் பற்றாக்குறைக்கான மருந்து.

• மாதாமாதம் எடை பார்க்கும் பதிவேட்டைக் கேளுங்கள். தொடர்ந்து குறையும் எடைதான் பசியைப் பற்றிப் பொய் சொல்லாத சாட்சி.

• சுவரில் ஐ.எஸ்.ஓ. 9001 இருந்தால் சரி, நிர்வாக முறைக்குத் தனியார் அமைப்புகள் தரும் சான்று அது. உங்கள் அம்மாவுக்குப் புண் வராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

• ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்ப வரும்? எந்த நிலையில் "இனி எங்களால முடியாது, கூட்டிட்டுப் போங்க" என்பார்கள்?

ஏற்கெனவே ஓர் இல்லத்தில் இருப்பவர் துன்புறுத்தப்படுகிறார் என்று சந்தேகம் வந்தால் 14567. முதியோருக்கான தேசிய உதவி எண், கட்டணம் இல்லை.

கடைசியாக ஒன்று

பெற்றோரை இல்லத்தில் விடுவதைப் பற்றி நம் ஊரில் பேச ஆரம்பித்தாலே பேச்சு ஒரே பக்கம் போகும். 'இந்தக் காலத்துப் பிள்ளைங்க...' என்று. குற்ற உணர்ச்சியில் இருக்கும் பிள்ளை கேள்வி கேட்காது. பணத்தைக் கட்டிவிட்டு, "அவங்க நல்லா பார்த்துக்கிறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிடும். மோசமாக நடத்தப்படும் இல்லங்களுக்கு அந்த மௌனம்தான் பெரிய பாதுகாப்பு. விடுவது சில நேரம் தவிர்க்க முடியாதது. கண்ணை மூடிக்கொண்டு விடுவது தவிர்க்கக்கூடியது.

என் தோழி இப்போது மாதம் இரண்டு முறை பெங்களூரிலிருந்து வருகிறாள். எந்த வாரம் வருவாள் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. வந்ததும் முதலில் அம்மாவின் குதிகாலைப் பார்க்கிறாள், பிறகு எடைப் பதிவேடு, பிறகுதான் அம்மாவோடு பேச்சு. "நான் மகளா இன்ஸ்பெக்டரான்னு எனக்கே தெரியல" என்றாள் போன வாரம்.

அவள் மகளாக மட்டும் இருக்க முடிய வேண்டும். இன்ஸ்பெக்டர் வேலைக்கு அரசு ஆள் வைத்திருக்கிறது. அவர் என்ன பார்த்தார் என்பதை நமக்கும் சொல்லச் சொல்லுவோம்.